மூன்று தலைக்கு ஒரு தொப்பி

மலை உச்சியில் தனியாக வாழ்ந்த மந்தி ஒன்று கொக்கி ஊசியால் கம்பளி பின்னுவதில் கெட்டிக்காரி. ஒரு நாள் கீரி ஒன்று கம்பளி உருண்டையோடு அதைத் தேடி வந்தது.

“அக்கா, எங்கிட்ட இருக்கிற கம்பளி இவ்வளவுதான். குட்டிக்கும் எனக்கும் மாமனாருக்கும் மாத்தி மாத்திப் போட ஒரே தொப்பி பின்னித் தருவீங்களா?”

“அதுக்கென்ன, தினமும் வந்து அளவு குடு,” என்றது மந்தி.

கீரி தினமும் வந்தது. அடுப்பருகே உட்கார்ந்து வீட்டுக் கதையெல்லாம் சொன்னது. ஒரே வாரத்தில், முத்து முத்தாகப் புடைத்த பின்னலோடு தொப்பி தயாராகிவிட்டது. மந்திக்குத்தான் கொடுக்க மனம் வரவில்லை. “இந்தப் புடைப்பு கோணலா இருக்கு, நாளைக்கு வா,” என்று பிரித்தது. மறுநாள் விளிம்பைக் குறை சொல்லி மறுபடி பிரித்தது.

பனி விழத் தொடங்கியது. ஒரு காலையில் வந்த கீரி உட்காரவே இல்லை.

“மாமனாருக்கு விடாத இருமல் அக்கா. காது ரெண்டும் விறைச்சுக் கிடக்கு.”

மந்தி உடனே ஊசியை எடுத்தது. தலை நிமிராமல் பின்னி, மதியத்துக்குள் முடித்துக் கொடுத்தது. தொப்பி இழுத்தால் விரிந்தது, விட்டால் சுருங்கியது.

“எவ்வளவு நல்லாப் பின்னியிருக்கீங்க! குட்டி வளர்ந்தாலும் இதுவே போதும். இனிமே உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டேன்!” என்று சொல்லி, தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு கீரி ஓடியது.

“தொந்தரவெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மாவே வா,” என்று சொல்ல மந்தி வாயெடுத்தது. அதற்குள் தொப்பி பாதிச் சரிவு இறங்கியிருந்தது.