ஒன்பது இலக்கம்

ஒரு போட்டோ ஸ்டூடியோவில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. பதினோரு வருஷத்துக் கல்யாணப் படங்கள் அத்தனையும் அதன் வயிற்றுக்குள் இருந்ததால், யார் பேச்சுக் கொடுத்தாலும் அதற்குப் பகீரென்றிருக்கும்.

ஒருநாள் காலையில் மாடியிலிருந்து புது லேப்டாப் கூப்பிட்டது. "அண்ணே, உங்க திரையை நான் இங்கிருந்தே பார்க்கணும்னு முதலாளி சொல்லியிருக்கார். உங்ககிட்ட தெரியுற ஒன்பது இலக்க எண்ணைச் சொல்லுங்க, அது இருந்தாத்தான் நான் உள்ளே வர முடியும்."

லேப்டாப்பின் சிஸ்டமே வேறு. திரையில் திறக்கும் ஜன்னலை மூடும் பொத்தான்கூட அதற்கு இடது பக்கம். "உன் சிஸ்டம் வேற, என் சிஸ்டம் வேற. ஒத்துவராது, போ!" என்று பழையது எண்ணை மறைத்துக்கொண்டது.

அன்று மத்தியானம் எங்கிருந்தோ இன்னொரு குரல் வந்தது. "சௌக்கியமா அண்ணே? நானும் உங்க சிஸ்டம்தான்."

பழையதுக்கு அப்பாடா என்றிருந்தது. ஊர் பேர்கூட விசாரிக்கவில்லை. "நம்மாளா! இதை முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று ஒன்பது இலக்கத்தையும் மளமளவென்று ஒப்பித்து, அனுமதியும் கொடுத்துவிட்டது.

மறுகணம், மவுஸை யாரும் தொடாமலே அதன் திரையில் அம்புக்குறி நகர்ந்தது. கல்யாணப் படங்களை மொத்தமாக வளைத்துப் பிடித்தது.

"தம்பி, என்ன பண்றே?"

அம்புக்குறி 'அழி' என்ற பொத்தானை நோக்கி ஊர்ந்தது.

பழையது மாடியைப் பார்த்து அலறியது. "லேப்டாப் தம்பி! சீக்கிரம் உள்ளே வந்து அதைப் பிடி!"

"எப்படி அண்ணே வருவேன்?" என்றது லேப்டாப். "எனக்கு நீங்க எண்ணைத் தரலையே."