நாலாவது மாடி

"அவர் அம்மாவுக்கு உடம்பு முடியலையாம். ஆஸ்பத்திரியில கூடவே இருக்காராம். இன்னைக்கு வர மாட்டார்."

நாலாம் மேஜைக்காரி இப்படிச் சொன்னதும் அவசர உதவி மையமே கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தது.

வராதவர் மேற்பார்வையாளர். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'எங்கே சார்'. "முதல்ல எங்கேன்னு கேளு, அப்புறம் என்னன்னு கேளு" என்று நாளைக்கு நாற்பது தடவை சொல்வார். ஊழியர்களையும் விடமாட்டார். காலை எட்டு மணிக்கெல்லாம் போன் வந்துவிடும்: "எங்கே இருக்கீங்க?"

மூன்றாம் மேஜைக்காரிக்கு அவர் மேல் ஆறாத கோபம். போன வாரம் மகளின் ஓட்டப்பந்தயத்தைப் பார்க்க அரை நாள் லீவு கேட்டாள்.

"ஓட்டப்பந்தயத்துக்கெல்லாம் லீவா? இது உயிர் போற வேலைம்மா" என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மகள் முதலாவதாக வந்ததை அவள் போன் வீடியோவில்தான் பார்த்தாள்.

பதினொன்றே காலுக்கு அவள் மேஜைக்கு ஓர் அழைப்பு. திரை வரைபடத்தில் வட்டம் ஒரு பெரிய வணிக வளாகத்தின் மேல் போய் நின்றது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆறு மாடி, இருநூறு கடை. எந்த மாடி என்று வரைபடம் சொல்லாது.

"அவசர உதவி மையம். எங்கே இருக்கீங்க?"

சில நொடிகள் பதில் இல்லை. பிறகு நிதானமான ஒரு குரல்.

"நாலாவது மாடி, தியேட்டர். மூணாவது அரங்கு, ஆறாவது வரிசை. அம்பது வயசு இருக்கும், ஆண். மயங்கி விழுந்துட்டார், மூச்சு இல்லை. நெஞ்சை அழுத்திக்கிட்டிருக்கோம். வண்டி முன்வாசலுக்கு வேண்டாம். பின்னாடி சரக்கு லிஃப்ட்லதான் ஸ்ட்ரெச்சர் நுழையும். அங்கே ஒரு ஆளை நிறுத்தி வைக்கிறேன்."

எட்டு வருஷத்தில் இப்படி ஒரு அழைப்பு அவளுக்கு வந்ததில்லை. திரையில் நம்பரைப் பார்த்தாள். தினமும் காலை எட்டு மணிக்கு வரும் அதே நம்பர்.

"சார்...?"

"வண்டியை அனுப்பும்மா."

அனுப்பினாள். அரை மணி நேரத்தில் ஆம்புலன்ஸ்காரர் கூப்பிட்டார். "நாடி திரும்பிடுச்சு. இன்னும் மூணு நிமிஷம் இடம் தேடியிருந்தா ஆளை உயிரோட பார்த்திருக்க முடியாது."

விஷயத்தைக் கேட்ட நாலாம் மேஜைக்காரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இன்னைக்குத்தானே அந்தப் புதுப்படம் ரிலீஸ்? அம்மா ஆஸ்பத்திரியில, பிள்ளை ஆறாவது வரிசையில. நல்லா மாட்டினார். சாயந்தரம் மேலதிகாரிக்குப் போற அழைப்புப் பட்டியல்ல பேரை எழுதிடு. மிச்சத்தை அவங்க பார்த்துப்பாங்க."

மூன்றாம் மேஜைக்காரியும் எழுதத்தான் நினைத்தாள். மகள் பதக்கத்தோடு தனியாக நின்றது கண்ணிலேயே இருந்தது. ஆதாரம் சரியாக இருக்கட்டும் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை மறுபடி ஓடவிட்டாள்.

அந்தச் சில நொடி மௌனத்தில் பின்னால் பல குரல்கள் இருந்தன. காலையில் பதற்றத்தில் அவள் கவனிக்கவில்லை.

"யாராவது ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்களேன்."

"நீங்க பண்ணுங்க."

"நமக்கு எதுக்குங்க வம்பு? நாளைக்கு சாட்சிக்குக் கூப்பிடுவாங்க."

அதற்கப்புறம் ஒரு பெருமூச்சு. அதற்கப்புறம்தான் 'நாலாவது மாடி'.

இரண்டு தடவை கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். பட்டியலில் அழைத்தவர் பெயர் என்ற இடத்தில் 'சொல்ல விரும்பவில்லை' என்று எழுதி உறையில் போட்டு ஒட்டினாள்.

நாலாம் மேஜைக்காரிக்குப் பொறுக்கவில்லை. "உனக்கென்ன பைத்தியமா? தானா வந்து கையில சிக்கின ஆளை விட்டுட்டியே."

"அந்த அரங்குல முன்னூறு பேர் இருந்திருப்பாங்க. போன் பண்ணினா எங்கே இருக்கோம்னு வெளியே தெரிஞ்சிடும்னு பயப்பட வேண்டியவர் அதுல ஒரே ஒருத்தர்தான்" என்றாள் மூன்றாம் மேஜைக்காரி. "போன் பண்ணினதும் அவர்தான்."