ஏழு ஒற்றர்கள்

"ஏழே ஏழு போதும் மேடம்" என்று மாப்பிள்ளை திரையைத் தொட்டுக் காட்டினான்.

ரோந்துக்காரன் கதவோரச் சுவரில் சாய்ந்து நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

மாப்பிள்ளை என்றால் தங்கச்சி புருஷன். இந்த மருத்துவமனையின் கணினிகளை இணைக்கும் வலை முழுவதும் அவன் பொறுப்பு. வீட்டில் வாய்க்கு வாய் மச்சான் என்பான். இங்கே, நிர்வாகி அம்மா முன்னால், ரோந்துக்காரனும் சுவரும் அவனுக்கு ஒன்றுதான்.

ரோந்துக்காரன் என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. பதினாறு வருடமாக ஆறு மாடியும் ஏறி இறங்கி, மாடிக்கு மாடி இருக்கும் கேபிள் அலமாரியைத் திறந்து, உள்ளே லைன்களை இணைக்கும் பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறவன். கூட இன்னும் இரண்டு பேர். இன்றைக்கு நிர்வாகி அம்மா தலையாட்டிவிட்டால் மூன்று பேருக்கும் வேலை இல்லை.

அவர்கள் இடத்துக்கு வருவது ஒற்றர்கள். ஒற்றன் என்பது பெட்டிக்குள் ஏற்றி வைக்கும் ஒரு சின்ன மென்பொருள். தன் வழியாகப் போகும் லைன்களை வேவு பார்த்துத் திரைக்குச் செய்தி அனுப்பும். எல்லாப் பெட்டியிலும் வைத்தால் வலை திணறிவிடும். எங்கெங்கே வைத்தால் மிகக் குறைந்த ஒற்றர்களே எல்லா லைனையும் பார்த்துவிடலாம் என்று மாப்பிள்ளை மூன்று மாதமாகக் கணக்குப் போட்டிருக்கிறான்.

நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல்.

ஏட்டுச் சுரைக்காய். மூன்றாம் மாடி அலமாரிக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட அந்த மேதைக்குத் தெரியாது.

சோதனைக்கு ஏற்றி வைத்த ஒற்றர்களின் செய்திப்படி திரையில் கட்டடம் முழுக்கப் பச்சை. மூன்றாம் மாடியும் பச்சை. அதுதான் வேடிக்கை.

ஒன்பது பத்துக்கு ரோந்துக்காரன் போய்த் திறந்தபோது மூன்றாம் மாடிப் பெட்டி செத்துக் கிடந்தது. ஒரு விளக்குகூட இல்லை. உள்ளே குடியிருந்த ஒற்றனும் பெட்டியோடு போய்ச் சேர்ந்துவிட்டான். செத்தவன் எங்கே வந்து தன் சாவைச் சொல்வது? அவன் கடைசியாக அனுப்பிய பச்சையையே திரை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதைக்கூட யோசிக்கத் தெரியாதவனுக்குப் போய்த் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தோமே என்று அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினால் இரண்டு நிமிடத்தில் பெட்டிக்கு உயிர் வந்துவிடும். எத்தனையோ முறை செய்ததுதான். இன்று செய்யவில்லை. அதில் தொங்குவது கோப்பு அறையின் நாலு கணினிகள். கோப்பு அறைக்காரர் பத்து மணிக்கு முன்னால் வந்ததாகச் சரித்திரம் இல்லை. வந்ததும் நேரே இந்த அறைக்குப் போன் போட்டுக் கத்துவார். மாப்பிள்ளை முகத்தில் ஈயாடாது.

ரோந்துக்காரன் அலமாரியைச் சாத்தினான். முகம் கழுவி, தலைகூடச் சீவிக்கொண்டு வந்து நின்றான்.

இப்போது ஒன்பது ஐம்பது.

"போன வாரம் எட்டுன்னு சொன்னீங்களே?" என்று நிர்வாகி அம்மா கேட்டார்.

மாப்பிள்ளை இதற்காகவே காத்திருந்தான்.

"நாலாவது மாடி மணி லைன் மட்டும் தனிப் பெட்டியில இருந்துச்சு மேடம். அதுக்குன்னு ஒரு ஒற்றன் தண்டம். நேத்து சாயங்காலம் ஆள் விட்டு அதை மூணாவது மாடிப் பெட்டிக்கே மாத்திட்டேன்."

ரோந்துக்காரனின் முதுகு சுவரை விட்டு விலகியது.

அலமாரியில் புது கேபிள் இருந்ததா? அவன் பார்க்கவில்லை. விளக்கு அணைந்து கிடந்ததைக் கண்ட சந்தோஷத்தில் வேறெதையும் பார்க்கவில்லை. பதினாறு வருடத்தில் பெட்டியை முழுசாகப் பார்க்காமல் கதவைச் சாத்தியது இன்றைக்குத்தான்.

மாப்பிள்ளை திரையில் ஒரு கட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டினான்.

"பாருங்க, ஒன்பது மணிக்கு அப்புறம் அங்கேர்ந்து ஒரு மணிகூட அடிக்கல. அவ்வளவு அமைதி."

நிர்வாகி அம்மா பேனாவைத் திறந்தார்.

ரோந்துக்காரன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான். "மச்சான், எங்க போறீங்க?" என்று பின்னால் குரல் கேட்டது. திரும்பவில்லை. பெட்டிக்குப் போவதா, நாலாவது மாடிக்குப் போவதா என்றுகூட அவனுக்குப் பிடிபடவில்லை. கால்கள் படிகளை மூன்று மூன்றாகத் தாவின.

நாலாவது மாடி பிரசவப் பிரிவு. அறைக்கு ஒருத்தியாகப் படுத்திருப்பார்கள். பதினோரு மணிவரை துணைக்கு ஆள் விடமாட்டார்கள். பொத்தானை அழுத்தினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும், அவ்வளவுதான் துணை.

நேற்று மதியம் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்த தங்கச்சிக்கு இன்னும் எழுந்து உட்கார முடியவில்லை. காலை ஏழு மணிக்கு ரோந்துச் சாக்கில் உள்ளே போய், அவள் உள்ளங்கையில் பொத்தானை வைத்து விரல்களை மூடிவிட்டு, "எதுன்னாலும் இதை அழுத்தும்மா, இந்த லைனுக்கு அண்ணன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வந்தவன் அவன்தான்.