ஆமையின் பிறந்தநாள்

“உள்ள என்ன, தூங்கிட்டாங்களா மகாராணி?”

மாமியார் ட்ரூஸ் மூன்றாவது முறையாகக் கழிப்பறைக் கதவைத் தட்டினாள். உள்ளே நீன்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். ட்ரூஸின் பிறந்தநாளுக்காகக் கூடத்தில் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த உறவுக் கூட்டம் சிரிப்பது அவளுக்கு நன்றாகக் கேட்டது.

பெருங்குடலில் அழற்சி, அடங்கும், மறுபடி கிளம்பும், ஆயுளுக்கும் கூடவே வரும் என்று மருத்துவர் சொல்லி மூன்று வாரம்தான் ஆகிறது. கணவன் யோரிஸுக்கு மட்டும் தெரியும். “உங்கம்மா காதுல மட்டும் விழக்கூடாது” என்று அவனிடம் சத்தியமே வாங்கியிருந்தாள்.

காரணம் இருந்தது. பெயர் வைப்பதில் ட்ரூஸ் கைதேர்ந்தவள். யோரிஸ் முன்பு பழகிய பெண்ணுக்கு ஒற்றைத் தலைவலி. அவள் பிரிந்துபோய் எத்தனையோ வருடமாகியும் இந்த வட்டத்தில் அவள் ‘மண்டையிடி’தான். தனக்கு என்ன பெயர் வைப்பாள் என்று நினைத்தாலே நீன்காவுக்கு உடம்பு கூசியது.

எதிர்ச் சுவரில், ஹாலந்தில் எல்லார் வீட்டுக் கழிப்பறையிலும் தொங்குவதுபோல, சொந்தபந்தங்களின் பிறந்தநாள் குறித்த நாள்காட்டி தொங்கியது. சமீப காலமாக நீன்கா படிக்கும் இலக்கியம் அது ஒன்றுதான். யார் வீட்டில் உட்கார்ந்தாலும் டிசம்பர் வரை புரட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

கதவைத் திறந்ததும் ட்ரூஸ் அவளை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கையில் துடைக்கும் துணி. மேலுதட்டில் வியர்வை.

“நீ போயிட்டு வந்தா நான் ஒரு தடவை சுத்தம் பண்ணியாகணும். போ, போய் உக்காரு.”

தாழ்ப்பாள் விழுந்தது. நீன்காவுக்குக் காது மடல் சுட்டது. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் ட்ரூஸ் இப்படித்தான், துணியும் கையுமாக அடுத்தவர் கழிப்பறைக்குள் போய்ச் சுத்தம் பார்ப்பாள். இவ்வளவு சுத்தக்காரி தன் வாயை ஒரு நாளாவது கழுவியிருக்கலாம்.

கூடத்தில் ஆளுக்கு ஒரு காபி, எண்ணி ஒரே ஒரு துண்டு கேக். ட்ரூஸின் தங்கை கொர்ரி மீசை முடியில் கிரீம் ஒட்டியிருக்க வைத்தியம் சொன்னாள்.

“மோர் குடிடி. நான் குடிக்கிறேன் பாரு, கல்லத் தின்னாலும் செரிக்கும். எல்லாம் மனசுதான். எங்க காலத்துல யாரு இப்படி நடையா நடந்தா?”

“சரிங்க சித்தி,” என்றாள் நீன்கா. கல்லைக் கொண்டுவந்து கொடுக்கலாமா என்று இருந்தது.

ட்ரூஸ் திரும்பி வருவதற்குள் அவள் காபி ஆறிப்போயிருந்தது. வந்ததும் வராததுமாகத் தன் வித்தையை ஆரம்பித்தாள். ஊரில் எவர் பிறந்தநாளும் அவளுக்கு மனப்பாடம். அதை விட்டால் பெருமை பேச அவளிடம் வேறு சரக்கு இல்லை என்பது நீன்காவின் முடிவு.

“எதிர்வீட்டுக்காரரு செத்தே எவ்வளவோ வருஷம் ஆச்சு. இருந்தாலும் சொல்லுவேன், மார்ச் பதினேழு,” என்றாள் ட்ரூஸ். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். “இப்ப இருக்கறதுங்களுக்கு ஞாபகம் ஏது? எல்லாம் போன்ல. வயித்துலயும் ஒண்ணும் தங்கறதில்ல, மண்டையிலயும் ஒண்ணும் தங்கறதில்ல.”

வட்டம் சிரித்தது. யோரிஸும் சிரித்தான். அவனை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நீன்கா கோப்பையைக் கீழே வைத்தாள். “கேளுங்க அத்தை. யாரோட பிறந்தநாள் வேணா கேளுங்க.”

“ஓஹோ. அப்ப நம்ம கொர்ரி வீட்டு ஆமைக்கு எப்பன்னு சொல்லு பாக்கலாம்.”

“நவம்பர் ஒன்பது.”

சிரிப்பு நின்றது. எல்லோரும் கொர்ரியைப் பார்த்தார்கள். அவள் வாயில் கேக்கோடு விழித்தாள்.

“எனக்கே மறந்துபோச்சு. எங்க வீட்டுக் கழிப்பறை நாள்காட்டில, நவம்பர் பக்கத்துல, கீழ் ஓரமா, பென்சில்ல கிறுக்கி வெச்சேன். இப்ப மே மாசம். அங்க உக்காந்து அவ்வளவு தூரம் யாரு புரட்டறா?”

“உங்களுக்கு மட்டும்தான் ஞாபகசக்தின்னு நெனச்சீங்களா அத்தை?” என்றாள் நீன்கா. ஜெயித்த திமிர் அவளுக்கு.

ட்ரூஸ் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

நீன்கா காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே ட்ரூஸ் வந்து கதவைச் சாத்தினாள். மூக்கறுபட்ட ஆத்திரத்தில் இப்போதே பெயர் சூட்டி அனுப்பப்போகிறாள் என்று நீன்கா நினைத்தாள். என்ன பெயரானாலும் வாங்கிக்கொள்வது, அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ட்ரூஸ் கையிலிருந்த துணியை மேசைமேல் போட்டாள். மடிப்புக் கலையாமல் இருந்த அதில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“உனக்கும் பெருங்குடல்தானா?”