விருந்தினர் நோட்டு

தலையணையின் நடுவில் பள்ளம் இருந்தது. அதிகாரி குனிந்து அதையே பார்த்தார்.

"இங்க யாரோ படுத்திருக்காங்கம்மா."

"தட்டிப் போட மறந்திருப்பேன் சார்." வீட்டுக்காரம்மா அவசரமாகத் தலையணையை எடுத்து, இரண்டு தட்டு தட்டி, உறையின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

நிவாரணப் பிரிவு அதிகாரி அவர். கடலோரச் சாலை மழையில் அறுந்து மூன்று மாதமாகிறது. விடுமுறைக்கு வருகிறவர்களுக்குச் சொந்த வீட்டை நாள் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர்களுக்கு, ரத்தான முன்பதிவுகளுக்குப் பாதித் தொகை தருவதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனைதான். அந்த மூன்று மாதத்தில் வெளியாள் ஒருவர்கூட அங்கே தங்கியிருக்கக் கூடாது.

இந்த அம்மாளுக்குப் பதினான்கு முன்பதிவுகள் போயிருந்தன. கூரை மாற்ற வாங்கிய கடன் அப்படியே நின்றது. நிவாரணம் வராவிட்டால் வீட்டை விற்றுவிட வேண்டியதுதான் என்று வெளியூரிலிருக்கும் மகன் போனில் சொல்லிவிட்டான்.

"ரோடு இல்லாட்டி என்ன, படகு இருக்கே" என்றார் அதிகாரி. "போன வாரம் ஒருத்தரைப் பிடிச்சேன். எட்டு பேரைப் படகுல கூட்டிட்டு வந்து தங்க வெச்சு வாடகையும் வாங்கிட்டு, எங்ககிட்டயும் மனு போட்டிருக்காரு."

"என் வீட்டுக்கு ஒரு ஈ காக்கா கூட வரலை சார்."

அதிகாரி அதை நம்பவில்லை. யாரையும் நம்பாததற்குத்தான் அவருக்குச் சம்பளம். சமையலறைக்குப் போனார். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரே ஒரு டம்ளர், ஈரத்தோடு.

"இது?"

"என்னோடது சார்."

"உங்களுக்குத் தனி சமையல்னு மனுவுல எழுதியிருக்கே?"

"ஆமா சார். பின்னாடி ரூம்ல. வாங்க, காட்டறேன்."

பின்பக்க அறை என்பது துணி துவைக்கும் மிஷினுக்கும் போர்வை அடுக்குக்கும் நடுவில் ஒரு மடக்குக் கட்டில். ஓரத்தில் ஒற்றை அடுப்பு. சுவரில் கணவரின் படம். ஜன்னல் கிடையாது.

"முன்பக்கத்தை வாடகைக்கு விட்டு இருபத்திரண்டு வருஷமாச்சு. நானும் அவரும் இங்கதான் கிடந்தோம். ஆள் காலி பண்ணினா, கூட்டித் துடைச்சு அடுத்த ஆளுக்கு விரிச்சு வைக்கத்தான் நான் அங்க போறது. அவர் போயி நாலு வருஷமாச்சு, இன்னும் அப்படித்தான் ஓடுது."

மறுபடி முன்வாசலுக்கு வந்தார்கள். பின்பக்கம் போகும்போது பூட்டிவிட்டுப் போன கதவில் சாவியைப் போடுவதற்கு முன், அவள் விரலை மடக்கி இரண்டு முறை தட்டினாள்.

"உள்ள யாரும் இல்லேன்னீங்க. அப்புறம் யாருக்குத் தட்டறீங்க?"

"பழக்கம் சார்" என்றாள். அதிகாரியின் புருவம் ஏறியது.

கூடத்து மேஜையில் தடித்த நோட்டு ஒன்று கிடந்தது. அவர் பார்வை அதில் விழுந்ததும் அவள் முகம் மாறியது.

"இது என்ன?"

"விருந்தாளிங்க எழுதற நோட்டு. தங்கினவங்க நாலு வரி எழுதாம நான் சாவியைத் திருப்பி வாங்க மாட்டேன். அவங்க போனப்புறம் எனக்குப் பேச்சுத்துணை அதுதான். குடுங்க சார், அதுல ஒண்ணும் இல்ல..."

அவள் கை நீள்வதற்குள் அவர் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கங்களுக்குப் போய்விட்டார். சாலை அறுந்த தேதிக்குப் பின்னால் மூன்று குறிப்புகள் இருந்தன. உரக்கவே படித்தார்.

"'நன்றாகத் தூங்கினேன். படுத்தபடியே கடல் தெரிகிறது.'"

அவள் சாவிக்கொத்தைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"'இன்றும் இங்கேயே தங்கிவிட்டேன். இரண்டாவது தலையணை தேவைப்படவில்லை.' அடுத்தது, போன வாரம். 'வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி. பேசத்தான் ஆளில்லை, பாவம்.'"

நோட்டை மேஜையில் போட்டார். கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அவர் குரலில் தெரிந்தது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்கறீங்களேம்மா! தேதி போட்டு எழுதியிருக்கு. எவ்வளவு வாங்கினீங்க?"

"சத்தியமா ஒரு காசு வாங்கலை சார்."

"காசு வாங்காம யாரைத் தங்க வெப்பீங்க? சொந்தக்காரங்களா?"

அவள் தலைகுனிந்தாள். வெட்கம் காது வரை ஏறியது.

"சொன்னா சிரிப்பீங்க."

"நான் சிரிச்சு ரொம்ப வருஷமாச்சு, பயப்படாம சொல்லுங்க. ஆளை மறைச்சீங்கன்னா மனுவை இப்பவே தள்ளிடுவேன். அப்புறம் வீடு போச்சு, கடன் நிக்குதுன்னு என்கிட்ட வந்து அழக்கூடாது."

அவள் திறந்திருந்த படுக்கையறையைப் பார்த்தாள். தட்டிச் சரிசெய்த தலையணையைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

அதிகாரி படிவத்தைத் திருப்பி, 'தங்கியவர் விவரம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார்.

"கடைசியா கேக்கறேன். அந்த ஆளு எங்க இருந்து வந்தாங்க?"

"பின்னாடி ரூம்ல இருந்து சார்."