மூன்று தவணை

“எம் புருசன் பேருல பதினோரு வருசம் தவறாம கட்டுனேன் சார். பழைய ஏஜென்ட் போனபிறகு மூணு மாசமா வசூலுக்கு ஆளே அனுப்பாம, இப்ப விபத்துப் பாலிசி செல்லாதுங்கீகளே!”

வேலுத்தாய் காப்பீட்டு அலுவலக மேலாளரின் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெடி விபத்தில் கணவன் இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

மேலாளர் புது ஏஜென்டைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“மூணு மாசமும் தாயில்பட்டிக்குப் போனேன் சார். இவுக வேலை பாக்குறது லைசென்ஸ் இல்லாத பட்டாசு ஷெட்டு. பேன்ட் சட்டையும் பையுமா என்னைத் தூரத்துல பார்த்ததுமே, ‘ஏட்டி, ஆபீசர் வாராரு, ஓடுங்கடி!’ன்னு ஒரு பொம்பளை கத்தும். அம்புட்டுப் பேரும் முள்ளுக்காட்டுக்குள்ள ஓடிருவாக.”

மேலாளர் வேலுத்தாயிடம் திரும்பினார். “யாரும்மா அந்தப் பொம்பளை? அவுகளாலதான் உங்க பாலிசியே போச்சு.”

வேலுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புது ஆள் வந்தால் கத்துவதற்கென்றே முதலாளி அவளைத்தான் வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தார்.