குழாய்க்குக் காப்பு

ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனியில் உப்புத்தண்ணீர்க் குழாய் மறுபடியும் ஒழுகியது. முதலாளி பழனிச்சாமி, குழாய் மாட்டும் ஃபிட்டர் நல்லதம்பியைப் பிடி பிடியென்று பிடித்தார்.

"ரப்பர் வச்சா அரிக்காதுன்னியே?"

"அரிக்கக் கூடாதுங்க. உப்புத்தண்ணியில செம்புக் குழாயும் இரும்புக் குழாயும் ஒண்ணையொண்ணு தொட்டாத்தான் இரும்பு இவ்வளவு சீக்கிரம் அரிச்சுப் போகும். நடுவுல ரப்பர் இருக்கு. போல்ட்டுக்கும் ரப்பர் மாட்டியிருக்கேன்."

"அப்ப இரும்பு ஏன் போச்சு? இன்னொரு தடவை ஒழுகுச்சுன்னா நீ வீட்டுலயே இருந்துக்க."

நல்லதம்பி, இணைப்பின் மேல் சுற்றியிருந்த ஈரச்சாக்கைப் பிரித்தான். எதையோ கழற்றி மடியில் செருகிக்கொண்டு வேலையைப் பார்த்தான்.

வீட்டில் மனைவி செவந்தி சோறு போட்டாள். மடியிலிருந்ததை எடுத்து வட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான். ஒரு தாயத்து. அதைக் கோத்திருந்த செம்புக் கம்பிதான் ரப்பரைத் தாண்டி இரண்டு குழாயையும் சேர்த்து இறுக்கிச் சுற்றியிருந்தது.

"நீ கட்டுனதா?"

"ஆமாங்க. சோறு கொண்டாந்தப்ப கட்டுனேன். அந்தக் குழாயால ஒங்க வேலைக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னு மீமிசல்ல மந்திரிச்சு வாங்குனது."

நல்லதம்பி ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

"அடுத்த தடவை நூல்ல கட்டு."